எட்டு முடிச்சு விழுந்த கோட்டு

அந்தத் தையல்காரிக்குக் கடை என்று இருந்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் இடுக்கு. எழுந்து நின்றால் தலை இடிக்கும். புதுத்துணி தைக்கமாட்டாள். பிடித்துக் கொடுப்பது, தளர்த்திக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலை இழை ஓட்டி மறைப்பது, அவ்வளவுதான். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

சீட்டு எழுதும் பழக்கமே அவளிடம் இல்லை. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். துணியின் கழுத்தில் அதைக் கட்டித் தொங்கவிடுவாள். மாதம் ஒன்று போயும் ஆள் வரவில்லையென்றால் நூலில் ஒரு முடிச்சு. பன்னிரண்டு முடிச்சு விழுந்தால்தான் அந்தத் துணி அவளுக்குச் சொந்தம். வாசல் பலகையில் என்னவோ ஆறு மாதத்துக்கு மேல் பொறுப்பில்லை என்றுதான் எழுதியிருக்கும். அது சோம்பேறிகளை விரட்டுவதற்கு. அவளுக்கு அவளே வைத்துக்கொண்ட கெடு ஒரு வருடம். அதை மீறியதே இல்லை, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அவள் மகளுக்கு வாய் ஓயாது. அதனால் எல்லோரும் குருவி என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் இருந்தாள். வெளியூரில் போட்டி, மூன்று நாள் பயணம். பஸ்ஸுக்கும் தங்கும் இடத்துக்கும் பணம் பற்றவில்லை. வீட்டில் இருக்கும் நல்ல பொருளாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள், பள்ளிக்கூட ஹாலில் மேசை போட்டு விற்கலாம் என்று பாட்டு டீச்சர் எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டார்.

"பேக்கரிக்கார அத்தை ரெண்டு மேசை நிறைய கேக் வைக்கிறாங்களாம். நாம என்னம்மா வைக்கப்போறோம்?" என்றாள் குருவி.

"ஏன்டி, உங்கம்மாகிட்ட ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சியா?"

"இல்லம்மா. பழைய துணியக் கொண்டாந்து மானத்த வாங்கிடாதேன்னு சொல்றேன்."

பிள்ளை விளையாட்டாய்த்தான் சொன்னது. இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெள்ளிக்கிழமை அலமாரியைக் கிளறினாள். பன்னிரண்டு முடிச்சு விழுந்தவை என்று பார்த்தால் இரண்டு கால்சட்டை, சாயம் போன ஒரு பாவாடை, ஒரு சட்டை. கால் மேசைகூட நிரம்பாது. பக்கத்திலேயே அந்தக் கோட்டு தொங்கியது. கருநீலம், உள்ளே பட்டு மாதிரி வழுவழுவென்று துணி. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டர்காரருடையது. உள்பை கிழிந்து போனதென்று கொடுத்திருந்தார். பச்சை நூல். முடிச்சுகளை எண்ணினாள், எட்டு. இன்னொரு தடவை எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினால்தான் என்ன, எட்டு எட்டுதானே.

"பலகைல எழுதித்தானே வச்சிருக்கேன்," என்று ஆளில்லாத கடைக்குச் சொல்லிவிட்டு நூலை நறுக்கினாள்.

மறுநாள் மேசைக்கு முன்னால் அந்தக் கோட்டுதான் ராஜா மாதிரி தொங்கியது. பேக்கரிக்காரரின் மனைவியே கேக்கை விட்டுவிட்டு வந்து தடவிப் பார்த்தாள்.

"யக்கா, இதுல கிழிசல் எங்கேன்னு தேடுறேன், அகப்படவே மாட்டேங்குது!"

குருவிக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கூவி அழைத்தாள். அவள் கூவி அழைத்தவர்களில் ஒருவர் கைத்தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். டிக்கெட் கவுண்டர்காரர். எட்டு மாதமாகக் கால் உடைந்து கிடந்திருக்கிறார் என்று அந்த நடையிலேயே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கோட்டைப் பார்த்தார். மெதுவாக உள்பையைத் திருப்பி விரலால் நெருடினார்.

"போட்டுப் பாருங்க மாமா! உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கும்," என்றாள் குருவி.

அவர் தையல்காரியை ஏறிட்டார். அவள் மேசைவிரிப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அது உங்களுடையதுதான், எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வார்த்தை போதும். மகளின் தோள் இவள் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

"அளவு சரியாத்தான் இருக்கும்," என்றவர், குருவி சொன்ன விலையைப் பேரம் பேசாமல் எடுத்து அவளிடமே கொடுத்தார். "உங்கம்மா கைவேலையா பாப்பா?"

"ஆமா மாமா!"

"தெரியுது."

அன்றைய பெரிய விற்பனை அதுதான். டீச்சர் கைதட்டச் சொன்னார். தையல்காரியும் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். கால் உடைந்தவர் வாயுமா உடைந்து கிடந்தார், ஒரு ஆளிடம் சொல்லிவிடக் கூடாதா? அந்தக் கோபம் மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. ஆறு வருடமாகச் சாயங்காலம் தவறாமல், "இன்னும் கடை மூடலியா?" என்று குனிந்து கேட்டுவிட்டுப் போன மனிதர். எட்டு மாதம் அந்தக் குரல் கேட்கவில்லை. ஆளுக்கு என்ன ஆச்சு என்று இவள் யாரிடமாவது விசாரித்தாளா? முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கைப்பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். கவுண்டரில் அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்; முன்னால் நீளமாக வரிசை. நின்றாள். கண்ணாடிக்கு நடுவில் கை நுழையும் ஓட்டை ஒன்று. கத்திப் பேசினால்தான் உள்ளே கேட்கும்.

"எங்க போகணும்?" என்றார் தலைநிமிராமல்.

"எங்கயும் போகலைங்க. கோட்டுப் பணம் குடுக்க வந்தேன்."

"கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க."

"உங்க கோட்டுப் பணம்!" என்று பணத்தை ஓட்டைக்குள் தள்ளினாள்.

பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர் நிமிர்ந்தார்.

"விடுங்கம்மா. ஆறு மாசம்னு பலகைல போட்டிருக்கீங்க. நான்தான் வரலை. பிள்ளைங்க போய்ப் பாடிட்டு வரட்டும்."

அத்தோடு தலையாட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எத்தனையோ பேர் அதைத்தான் செய்வார்கள். அவளுடைய பிடிவாதம் விடவில்லை.

"பலகை ஊருக்காக வச்சதுங்க. எனக்கு ஒரு வருஷம். எட்டு முடிச்சுதான் இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டுத்தான் நறுக்கினேன்." கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. "உங்களோடதுன்னு தெரிஞ்சேதான் வித்தேன்!"

"சீக்கிரம் பேசி முடிங்கம்மா, பஸ் போயிரும்!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் ஓட்டைக்குள் கிடந்த பணத்தை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார்.

"அடுத்தவங்க வாங்க."

அவள் ஒதுங்கினாள். காது மடல் இரண்டும் தீயாய் எரிந்தன. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள், "எந்தத் தையல் கடைங்க அது? தெரிஞ்சு வச்சுக்கணும்ல, நாங்களும் துணி குடுக்கிறவங்கதான்."

தையல்காரி நின்று, மறைக்காமல் தெருவின் பெயரைச் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே என்று அடையாளமும் சொன்னாள்.