பாஸ் போட்ட நெசவுக்காரம்மாள்

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. எங்கள் பேராசிரியர் மாதம் ஒரு நாள் திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நோயாளிகளைப் பார்ப்பார். அன்று எங்களையும் கூட்டிப் போனார். போனதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு வாத்தியார் நான் இல்லை. இவங்க ரெண்டு பேரும்தான்" என்றார்.

அவர் காட்டியது ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு நெசவுக்காரரையும் அவர் மனைவியையும். அவருக்கு இருதய வியாதி. சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, மணவறை மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் மாணவன் பதற்றத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த இடம் கிட்டத்தட்ட வயிறு.

"இன்னும் மேல தம்பி. ஆங், அங்கதான். எடது பக்கம் ஒருக்களிச்சிப் படுத்தா நல்லா கேக்கும். படுக்கட்டா?" என்றார் நோயாளி.

அடுத்தவன் புத்தகத்தில் இருந்ததை மூச்சுவிடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தான். புருஷனைப் பாவா என்று அழைக்கும் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "எங்க பாவாவுக்கு இன்னா சீக்குன்னு எனக்குப் புரியற மாரி சொல்லுப்பா. புரியலன்னா பாஸ் இல்ல."

என் முறை வந்தது. "இருதயத்துக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா. அதுல ஒண்ணு இறுகிப்போய்ச் சரியாத் திறக்கலை. ரத்தம் தேங்கி நிக்குது. அதான் மூச்சு வாங்குது."

"ஏன் கண்ணு, கொஞ்சம் எண்ணெ உட்டா தொறக்காதா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளும் சிரித்தாள். நோயாளி சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். ஒருவழியாக அடங்கி, ராத்திரியில் மூச்சுத் திணறுகிறதா என்று அவரைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போன கிருத்திகைக்குக்கூட முருகன் மலை ஏறினேனே."

ஏனோ நான் மனைவி பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றேன்.

"எங்க ஏறினாரு? பாதிப் படியில குந்திக்கினாரு. நான்தான் மேல போய்த் துந்நூறு கொண்ணாந்தேன். மூணு மாசமா படுத்தே தூங்கல. தறிக் கம்பத்துல சாஞ்சிகினுதான் கண்ணை மூடறாரு. சொன்னா மலைக்குப் போக உடமாட்டாங்கன்னு மறைச்சிகினு வர்றாரு."

பேராசிரியர் எழுந்தே வந்துவிட்டார். மாதாமாதம் பார்த்தும் இது அவருக்குத் தெரியாது. அங்கேயே மருந்தை மாற்றி எழுதினார்.

"இந்தப் பொண்ணு பாஸு" என்றாள் அந்த அம்மாள்.

"எனக்கு?" என்றார் பேராசிரியர்.

"நீங்க என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? பெயிலு!"

கொட்டகையே அதிர்ந்தது. அதிகம் சிரித்தது பெயிலானவர்தான். அடுத்த மாதம் நெசவுக்காரர் படுத்துத் தூங்குவதாகச் சேதி சொன்னார். அதையும் மனைவியைக் கேட்டுத்தான் நம்பினார் பேராசிரியர்.

நான் பாஸான அன்று சாயங்காலம் அரக்கோணம் ரயிலில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருவர் நெஞ்சில் ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு வந்தோம். டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டை மறந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "எனக்கும் பாரும்மா" என்று எதிரே உட்கார்ந்தார். வைத்துப் பார்த்தேன்.

"எப்படி ஓடுது?"

"ரயில்தான் சார் ஓடுது. வேற ஒண்ணும் கேக்கலை!"