கடைசி பெஞ்சில் சிரிக்காத முகம்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் சிரிப்பு மிஷின். சாவு வீட்டில்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிற ரகம். அப்படிப்பட்டவள் கல்வி உளவியலில் முனைவர் பட்டத்துக்கு எடுத்த ஆய்வோ, மாணவர்கள் குழுவாகச் சேரும்போது ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசக்கூடாது, முக்கியமாகச் சிரிக்கக்கூடாது. அவள் முகம் மாறினால் பிள்ளைகளும் மாறிவிடுவார்களாம். கடவுளுக்கே அடுக்காது.

அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது வேலைவெட்டி இல்லாத என் பொறுப்பு. அட்டையில் பாலம் கட்டுவது ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்றின் வேலை. முதலில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கத்தரிக்கோலுக்காக முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. திடீரென்று ஒட்டிக்கொண்டார்கள். மணி அடித்தாலும் கிளம்புவதில்லை. ஒருத்தன் அட்டை மீசையோடு திரிந்தான். ஒருத்தி மேஜைக்கடியில் ஆடு மாதிரி கத்தினாள். அக்கா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துத் தீர்த்தாள்.

"யாரும் பாராட்டல, மார்க்கும் கிடையாது. தானா ஊக்கம் வந்திருக்குடா. என் ஆய்வு பாஸ்" என்று அவள் பின்சீட்டில் குதித்ததில் வண்டியே ஆடியது.

பாலத்தைச் சோதிக்கும் நாளில் அவளுடைய பேராசிரியை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சரி என்றால்தான் பட்டம். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். குழுத்தலைவி பாலத்தின்மேல் ஒரே ஒரு புத்தகம் வைத்தாள். பாலம் நிதானமாக, வணக்கம் சொல்வதுபோல் குனிந்து, படுத்துவிட்டது.

அக்கா உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. அப்புறம் வெடித்துச் சிரித்தாள் பாருங்கள், எனக்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குழு மொத்தமும் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தது.

"என்ன இது?" என்றார் பேராசிரியை.

"இவங்களைச் சிரிக்க வைக்கிறதுதான் மேடம் எங்க வேலையே. அதுக்குத்தான் தினமும் உக்காந்து பேசினோம்" என்றாள் தலைவி, அக்காவைக் காட்டி. "பாலம் மட்டும் நிஜமாவே விழுந்துடுச்சு."

அக்காவின் முகம் தொங்கிப்போனது. "என்னால வந்த ஊக்கத்தைத் தானா வந்ததுன்னு எழுதிட்டேன். எல்லாம் போச்சு மேடம்."

"போகட்டும். சண்டை போட்டவங்க ஏன் சேந்தாங்கன்னு இப்பத்தானே தெரிஞ்சுது. இதை எழுது."

"முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்துதான்."

இதைச் சொன்னபோது பேராசிரியையின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. குழு அவரையே உற்றுப் பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் இறங்கி, தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து குசுகுசுக்கத் தொடங்கியது. அக்கா அழுதுகொண்டே பேனாவைத் திறந்தாள்.