தீபாவளி முடியும் வரை

லைனிங் துணியை வாளித் தண்ணீரில் முக்கினால் ஒரு கஞ்சி வாடை கிளம்பும். நேற்றைய சோற்று நீரும் கடைத்துணியின் புதுசும் கலந்த அந்த வாடை, ஊரெல்லாம் கல்யாணமும் விசேஷமும் இல்லாமல் தூங்கிவழியும் ஆடி மாதத்திலேயே எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிடும். அம்பத்தூரில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீட்டில், அம்மா ஜாக்கெட் தைத்தாள். அப்பாவின் கம்பெனி பாதி நாள் மூடிக் கிடந்த எண்பதுகளின் கடைசி வருடங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தையல் மிஷின்தான். ஆகவே அதன் சௌகரியப்படிதான் வீட்டில் எல்லாம் நடந்தது.

"முன்னாடியே பாத்து வெச்சுக்கணும்" என்பது அம்மா வாயில் ஓயாமல் வரும் வார்த்தை. ஆடியில் கொக்கியும் நூலும் வாங்கிவைப்பாள். நவராத்திரிக்கு ஆவடி குவார்ட்டர்ஸில் கொலு பார்க்கப் போகிற சாக்கில் வீடு வீடாக அளவு ஜாக்கெட்டை வாங்கிவந்துவிடுவாள். ஆயுத பூஜைக்குள் துணி கொடுக்காதவர்களுக்குத் தீபாவளிக்குக் கிடையாது. தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு முடிக்க வேண்டிய பெயர்கள் பென்சிலில் இருக்கும். தீபாவளி முடியும்வரை வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. ஒரு வருடம் அப்பாவின் சித்தப்பா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. சாவுத் தீட்டு வீட்டுக்கு யார் தீபாவளித் துணி கொடுப்பார்கள் என்று அம்மா அதை மடித்து மிஷின் டிராயருக்குள் போட்டுவிட்டு, பட்டாசுக் குப்பையைப் பெருக்கிய பிறகுதான் அப்பாவிடம் காட்டினாள். அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஹெம்மிங்கும் கொக்கியும் தைக்க அம்சா அக்கா வருவாள். அயனம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை வழியாக நடந்தே வருவாள். இருபத்தேழு வயதிருக்கும், புருஷன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். அண்ணி போடும் சோற்றில் கைவைக்கக் கூசிப்போய், எங்கள் வீட்டில் மத்தியானம் கொடுக்கும் டீயோடு பொழுதை ஓட்டுவாள். "எனுக்குனு ஒரு மிஷின் போட்டுக்கினா அண்ணி மூஞ்சில முழிக்க வாணாம் கண்ணு" என்று என்னிடம் சொல்வாள். அதற்கு அவளுக்கு ஒன்றுதான் பாக்கி. கட்டிங் தெரியாது. துணியில் கோடு போட்டு வெட்டும் வித்தையை அம்மா யாருக்கும் காட்டமாட்டாள். "தீபாவளி முடியட்டும் அம்சா, சொல்லித் தரேன்" என்பாள். மூன்று தீபாவளியாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நான் வயதுக்கு வந்தேன். குளியலறையிலிருந்து அழுதுகொண்டு வந்து சொன்னபோது, அம்மா என் முகத்தைப் பார்க்கும் முன் காலண்டரைப் பார்த்தாள். "இன்னும் பதினெட்டு நாள் இருக்கு" என்றாள். எனக்குத்தான் பதினெட்டு நாளில் ஏதோ ஆகப்போகிறது என்று நான் நடுங்கினேன். அவள் சொன்னது தீபாவளியை. சடங்கு வீடு என்று தெரிந்தால் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள், சொந்தக்காரர்கள் வேறு வந்து அறையை அடைத்துக்கொள்வார்கள். லைனிங் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை மடித்து என் கையில் திணித்து, "தீபாவளி போய் வளர்பிறையில ஆனதா சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வாயத் தெறந்தே, தொலைச்சுடுவேன்" என்றாள். வயிற்று வலியோடு பள்ளிக்கூடம் போனேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று சாயந்திரம் சாமி விளக்கையும் என்னையே ஏற்றச் சொன்னாள். சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டே ஏற்றியதில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சர், அம்மாவுக்கு இருபது வீட்டுத் துணியைப் பிடித்துக்கொடுக்கிறவர், தம்முடைய சந்தனக் கலர் பட்டு ஜாக்கெட்டை வாங்க மத்தியானம் வந்தார். பாயில் நானும் அம்சா அக்காவும் அருகருகே உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தோம். முடித்த ஜாக்கெட் எங்கள் நடுவில் கிடந்தது. டீச்சர் குனிந்து எடுத்தார். ஜாக்கெட்டின் கை ஓரத்தில் ஈரமாக ஒரு கறை.

"என்ன இது?" என்றார் டீச்சர். அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் சுருங்கியது.

அம்மா ஒரே ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அம்சா அக்கா பக்கம் திரும்பினாள். "ஏண்டி, தூரமா இருந்தா சொல்ல மாட்டே? தீபாவளித் துணிடி இது! கொஞ்சமாவது பயம் இருக்கா?"

"இன்னாம்மா சொல்றே? நான் இல்லம்மா, சத்தியமா நான் இல்ல" என்று எழுந்த அம்சா அக்காவின் கண் என் பாவாடையில் விழுந்தது. அப்புறம் என் முகத்துக்கு வந்தது. புரிந்துகொண்டாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் பாவாடையை இழுத்துக் காலுக்கடியில் செருகிக்கொண்டு, அடுத்த கொக்கியைத் தைத்தேன்.

"புருஷன் வீட்ல ஒழுங்கா இருந்திருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றார் டீச்சர்.

என்னைக் காட்டிக்கொடுக்க அம்சா அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். அம்மா பட்டுக்குப் புதுக் கை வைத்துக் கொடுத்தாள். டீச்சர் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கத்தில் எந்தத் தையற்காரம்மாவும் அம்சாவைச் சேர்க்கவில்லை.

தீபாவளி முடிந்தது, வளர்பிறை வந்தது, அம்மா குறித்த நாளில் நான் ஊரறிய வயதுக்கு வந்தேன். மாமன் சீர் வந்தது. மஞ்சள் நீராட்டுக்கு அம்சா அக்காவும் வந்தாள். வாழாதவள் என்று அவளை என் மேல் தண்ணீர் ஊற்ற விடவில்லை. பந்தி நடக்கும்போது பக்கத்தில் வந்து, வாங்கிவந்த கண்ணாடி வளையல்களை என் கையில் போட்டுக்கொண்டே, "ஒரு மாசம் ஆச்சில்ல கண்ணு? இப்போ வயித்து நோவு இன்னும் கீதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அம்மாவிடம் போய், "தீபாவளி முடிஞ்சா கட்டிங் சொல்லித் தரேன்னியேம்மா" என்றாள்.

"நாலு பேர் வாயில விழுந்தவள உள்ள விட்டா எனக்கு யாருடி துணி குடுப்பா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பந்திக்கு அப்பளம் பத்துமா என்று பார்க்கப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், தலையில் மணல் சட்டியோடு அம்சா அக்காவைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அவளும் பார்த்துச் சிரித்தாள். நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அந்த ஒற்றை அறை வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வீட்டின் கார்கள் நிற்கின்றன. ஏரிக்கரையில் நடந்து வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. தொப்பை குறைய நடக்கிறவர்கள் உண்டு. அம்சா அக்காவின் அண்ணன் வீட்டைப் பற்றி விசாரித்தேன், அந்தப் பெயரே யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் தங்கியிருந்த அம்மாவிடம், முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்காததைக் கேட்டேன். "அம்சாக்காவ அன்னிக்கு அப்படிப் பண்ணிட்டியேம்மா?"

அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. "அவள அந்தத் தீபாவளியோட நிறுத்திடறதுன்னு ஆடியிலயே முடிவு பண்ணிட்டேன். கை நல்லா ஓடும் அவளுக்கு. கட்டிங்கும் கத்துக்கிட்டா குவார்ட்டர்ஸ் மொத்தமும் அவ பின்னாடி போயிருக்கும். உன்னால ரெண்டு வாரம் முன்னாடியே போனா, அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எப்படியும் போகவிருந்தவள்தானே என்று நினைத்ததும், இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்த கனம் சட்டென்று இறங்கிவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது எனக்கு.