அப்பாவின் கேஜும் நாங்கள் சொன்ன ‘சரி’யும்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பெருமைகளை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர்கள் சொன்னார்கள். பெருமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர் எங்கள் மேல் மனம் விட்டுப்போய்த்தான் கண்ணை மூடினார். அதை மறைத்தால் அது இன்னொரு துரோகம். மகள் என்ற முறையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பெங்களூர் வந்து ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கற்றார். அளவு பிசகிய ஒரு சாமானும் அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நாற்பத்தாறாம் வயதில் கண் நரம்பு கெட்டுப் பார்வை முழுவதும் போயிற்று. ஒரு வருடம் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். பிறகு ஒரு நாள் எழுந்து, அல்சூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை போட்டார். என்னையும் தம்பியையும் அந்தக் கடைதான் படிக்க வைத்தது.

புது நோட்டுகள் வந்தபோது அப்பா மிகவும் சிரமப்பட்டார். தடவிப் பார்க்க நோட்டில் புடைத்த கோடுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். நாலு கை மாறினால் அவை மழுங்கிவிடும். நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அப்பா ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, சலவை நோட்டுகளை வைத்து அளந்து, அதில் தானே அரத்தால் ராவி வெட்டுகள் போட்டார். நோட்டின் இடது ஓரத்தைப் பட்டையின் இடது ஓரத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மறு ஓரம் எந்த வெட்டில் வந்து நிற்கிறதோ, நோட்டு அத்தனை ரூபாய். தொழிற்சாலைப் பழக்கத்தில் அதற்குக் ‘கேஜ்’ என்று பெயர் வைத்தார்.

அந்தப் பட்டையின் ஓரம் கூர்மையாக இருந்தது. விரலில் கீறல் விழுந்துகொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல், அவர் குளிக்கப் போயிருந்தபோது நான் கத்தரிக்கோலால் இடது ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி வழவழப்பாக்கி வைத்தேன். ஃபிட்டர் மகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அளவு ஆரம்பிக்கிற ஓரத்தில் கை வைக்கக் கூடாது. அன்றிலிருந்து நோட்டின் மறு ஓரம் ஒரு வெட்டு தள்ளிப் போய் நின்றது; கேஜ் நூறு ரூபாயை இருநூறு என்று காட்டியது.

காரணம் அதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவர் இருநூறு என்று கட்டி வைக்கும் கட்டில் நூறு ரூபாய் நோட்டுகள் இருப்பதை அம்மா பார்த்தார். சர்க்கரை வியாதியில் அப்பாவின் விரல்கள் மரத்துப்போய்விட்டன என்று நினைத்தோம். கண்ணும் போய் விரலும் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? கணக்கு சரியா என்று அப்பா கேட்டபோது, “சரியாத்தான் இருக்குங்க” என்றார் அம்மா. நானும் ஆமாம் போட்டேன். எட்டு மாதம் தினமும் அதையே சொன்னோம். சரக்குக்குப் பணம் கட்டுவது அம்மா என்பதால் குறைவது அப்பாவுக்குத் தெரியவில்லை.

அந்த நம்பிக்கையில் அப்பா தன் கேஜை மாதிரியாக வைத்து, பார்வையற்ற நண்பர்களுக்கெல்லாம் பட்டை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் சந்தாபுராவில் ஊதுபத்தி விற்கும் முனியப்பா மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணா, பேஜார் பண்ணிக்காதீங்க. உங்க கேஜ் நூறை இருநூறுன்னு காட்டுது. ரெண்டு மாசமா ஏமாந்துட்டேன்.”

அப்பா சிரித்துவிட்டார். “சான்ஸே இல்லப்பா. என் கடையில ஒரு நாள் கூடத் தப்பு வரல. வேணும்னா இவங்களைக் கேளு.”

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் சிரிப்பு நின்றது. கேஜை எடுத்து ஓரத்தை மெதுவாகத் தடவினார். “இதை யார் வெட்டினது?” என்றார். நான் சொன்னேன். பிறகு அம்மாவும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“ஓரத்தை வெட்டினே, அது தெரியாமப் பண்ணது. போகட்டும்” என்றார் அப்பா. “சரி சரின்னு சொன்னீங்களே, அது தெரிஞ்சே பண்ணது. உங்களை நம்பித்தானே நான் இவங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுத்தேன்?”

மறுநாள் தொடங்கி ஒரு வாரம், பஸ் ஏறி ஒவ்வொரு நண்பர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுப் பட்டைகளைத் திரும்ப வாங்கி வந்தார். துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அதன் பிறகு நாங்கள் கொடுக்கும் மாத்திரையைக்கூடப் பக்கத்து வீட்டில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்கினார். எனக்கும் ஆத்திரம் வந்தது. “நாங்க என்ன விஷமா குடுக்கப்போறோம்?” என்று ஒரு முறை கத்தியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று உறவினர்களான நீங்கள் கூடி முடிவு செய்தீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஞாபகம் வரும். அன்று சாயங்காலம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொல்லும்மா. எத்தனை நாள்?” என்றார். அத்தனை நடந்த பிறகும் அவர் என்னைத்தான் கேட்டார். நான், “அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்பா” என்றேன்.

அப்பா என் கையை விட்டுவிட்டார். ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, “சிஸ்டர், நீவாத்ரூ நிஜ ஹேளி” என்றார். நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்கள் என்று ஒரு அந்நியரைக் கேட்டார். அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “ஜாஸ்தி தின இல்லா, அப்பாஜி” என்றார். அதிக நாள் இல்லை என்பதைக் கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்தது. கடைச் சாவி யாருக்கு, தன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் என்ன இருக்கிறது, அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த நர்ஸம்மாவிடமே சொன்னார். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அல்சூர்க்காரர்களுக்கும், முனியப்பா மாமாவுக்கும், அவருடைய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நர்ஸம்மாவின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் அப்பாவுக்குப் பிள்ளையாக இருந்து நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். அவருக்கு என் நமஸ்காரம்.