சோற்றுக்குப் பிறகுதான்

இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரில், வீட்டு வேலை செய்துவிட்டுக் இலங்கை மலையகத்துக் கொட்டகலைக்குத் திரும்பியிருந்த ஓர் அக்காவை ஒரு தீபாவளியன்று சந்தித்தேன். கழுத்தில் மப்ளர், வாய் நிறையச் சிரிப்பு. எலுமிச்சைத் தோலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சீனிப்பாகு கலந்து, அந்த ஊர் மதுவான லிமொன்செல்லோ செய்திருந்தார். போத்தல் ஜன்னலுக்கு வெளியே பனியில் குளிர்ந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பின் ஆண்கள் அதையே சுற்றி வந்தார்கள்.

"மொதல்ல சோறு. அங்க சாப்பிட்ட பொறகுதான் இதக் குடிப்பாங்க" என்றார் அக்கா.

"வயிறு நெறஞ்சா எப்படிக்கா ஏறும்?" என்றார் ஒருவர்.

"ஏறுறதுக்கு இல்ல தம்பி, செரிக்கிறதுக்கு."

வேறு வழியில்லாமல் மனைவிமாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு எல்லோருக்கும், பெண்களுக்கும்தான், சின்னக் கிளாஸில் மஞ்சளாய் ஒரு வாய்.

"இவங்க குடிச்சு முடியிற வரைக்கும் காத்துக் கெடக்காம, தீபாவளிக் கறிய இந்த வருசந்தான் சூடா தின்னேன்" என்று ஒருத்தி சிரித்தாள்.

நேப்பிள்ஸில் உண்மையிலேயே அப்படித்தானா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதுமில்லை.