செல்விமேடு

ஆண்டிபட்டி வீட்டு வாசலில் லாரி கொட்டிய ஈர ஆற்றுமணலின் வாசம் என்னை வருசநாட்டு வைகைக்கே கொண்டுபோய்விட்டது. இன்று நாணல் மூடிக் கிடக்கும் அந்த ஆற்றில், வெள்ளம் குவித்துவிட்டுப் போகும் மணல்மேடுகளுக்குப் பிள்ளைகள் நாங்கள்தான் பெயர் வைப்போம். இருப்பதிலேயே பெரியதற்கு அக்கா என் பெயரை வைத்திருந்தாள். ஐப்பசி வெள்ளம் அதைக் கரைத்துக்கொண்டு போனபோது எனக்குச் சோறே இறங்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அக்கா ஓடிவந்தாள். "ஏடி செல்வி, ஒன் மேடு கீழூருக்குப் போயிருச்சு, வா."

அங்கே புதுமேட்டில் கீழூர்ப் பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தார்கள்.

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"இன்னும் வைக்கல" என்றாள் ஒருத்தி.

"செல்விமேடு. நாந்தேன் செல்வி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீதேன் மொத உருளணும்" என்று கையைப் பிடித்து உச்சிக்கு இழுத்துப்போனாள்.

வாயெல்லாம் மணலாக, சிரித்துக்கொண்டே உருண்டேன்.