சரியாக முப்பத்தைந்து

எங்கள் அலுவலகத்தில் அவளைச் 'சமக்குறி' என்றுதான் கூப்பிடுவோம். யார் புரோகிராம் எழுதினாலும் பின்னால் வந்து நின்று, "சமக்குறி போட்டாச்சா?" என்று உயிரை எடுப்பாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நிறுவனத்துக்கு வரும் வேலை விண்ணப்பங்களை வடிகட்டும் புரோகிராமை அவள்தான் எழுதினாள். பட்டம் அல்லது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். எது இருந்தாலும் வயது முப்பத்தைந்து வரைதான். அந்த 'அல்லது'வையும் 'மற்றும்'மையும் அடைப்புக்குறி போட்டு அழகாகப் பிரித்திருந்தாள். கஷ்டமான இடத்தில் தப்பே இல்லை. வயதில் கோட்டை விட்டாள். 'முப்பத்தைந்து அல்லது அதற்குக் குறைவு' என்று வரவேண்டிய இடத்தில், சமக்குறியை விட்டுவிட்டு வெறும் 'குறைவு' என்று போட்டுவிட்டாள். சோதித்துப் பார்த்த மகாராசன் நான். முப்பத்துநான்கு கொடுத்தேன், உள்ளே வந்தது. முப்பத்தாறு கொடுத்தேன், வெளியே போனது. சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவள் தம்பிக்கு அப்போது சரியாக முப்பத்தைந்து. பட்டம் இல்லை, லிஃப்ட் பழுதுபார்த்த அனுபவம் எட்டு வருடம். அவனும் அந்த நிறுவனத்துக்கே விண்ணப்பித்தான். 'தகுதியில்லை' என்று பதில் வந்தது. அதோடு மனம் விட்டுப்போய், ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனான்.

ஆறு மாதம் கழித்துத்தான் பிழை எங்கள் கண்ணில் பட்டது. அதற்குள் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். மேலாளர், "வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். நாங்களும் விடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

நாலு வருடம் ஓடியது. கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை தருகிறோம் என்றதற்கு, "எனக்கு அந்தத் தகுதியெல்லாம் இல்ல" என்று அவன் மறுத்துவிட்டான். தம்பி மனைவி இதைச் சொன்ன அன்று அவளுக்குத் தாங்கவில்லை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ எனக்குத் தகுதி இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சுடா. தப்பு எங்க மேலதான்."

அவன் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"தப்பு யாருக்கும் வரும். தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. இத்தன வருஷமா நான் எதுக்குமே லாயக்கில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

அவள் தலை நிமிரவில்லை.